செஸ்ஸில் ‘இந்தியன் டிஃபென்ஸ்’ பெயர் எப்படி வந்தது? யார் இந்த ஜான் காக்ரேன்?

செஸ் நேரலை பார்ப்பவர்கள் ‘கிங்ஸ் இந்தியன்’, ‘நிம்சோ இந்தியன்’ போன்ற பெயர்களை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அது என்ன ‘இந்தியன்’? இதைத் தேடிப் போனால் 19ஆம் நூற்றாண்டு கல்கத்தாவில் வக்கீல் தொழில் பார்த்த ஒரு ஸ்காட்லாந்துக்காரரிடம் போய் நிற்போம். அவர்தான் ஜான் காக்ரேன்.

1798இல் பிறந்த காக்ரேனுக்கு செஸ் தொழில் அல்ல, ஆசைக்கு ஆடுவதுதான். ஆனாலும் 1822இலேயே செஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டார். 1824இல் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் தபால் வழிப் போட்டி தொடங்கியது. லண்டன் அணியில் ஆடிக்கொண்டிருந்த இவர் பாதியிலேயே இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். போட்டியில் எடின்பரோ ஜெயித்தது.

இடையில் 1840களின் தொடக்கத்தில் விடுமுறையில் லண்டன் வந்தவர், ஹோவர்ட் ஸ்டான்டனுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். 1843இல் பிரான்ஸின் செயின்ட் அமான்ட்டை வீழ்த்தி உலகத்தின் முன்னணி வீரர் என்று பெயர் வாங்கிய அதே ஸ்டான்டன்தான்.

தோற்காத பிராமணர்

மீண்டும் இந்தியா திரும்பிய காக்ரேன், கல்கத்தாவுக்கு வெளியே போயிருந்தபோது ‘செஸ்ஸில் தோற்றதே இல்லை’ என்று ஊர் சொன்ன ஒரு பிராமணரைப் பற்றிக் கேள்விப்பட்டார். அவர் பெயர் மகேஷ் சந்திர பானர்ஜி. ஆடிப் பார்த்ததில் காக்ரேனுக்குத்தான் வெற்றி. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று புரிந்ததும் கையோடு கல்கத்தாவுக்கு அழைத்து வந்துவிட்டார். கல்கத்தா செஸ் கிளப்பில் மகேஷ் சந்திரருக்குச் சம்பளமும் கிடைத்தது.

மகேஷ் சந்திரர் பழகியது நம்மூர் சதுரங்க விதிகளில். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே ஒரு கட்டம்தான் போகும். அந்தப் பழக்கத்தில், நடுப்பலகையைப் பிடிக்க ஓடாமல், சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, பிஷப்பை ஓரத்திலிருந்து குறி வைக்கவிடுவார். ஐரோப்பியர்களுக்கு இது விசித்திரமாகப் பட்டது. 1855இல் காக்ரேனுக்கு எதிராக அவர் ஆடிய ஒரு தொடக்கத்தை, 1922இல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் ஆடினார். இன்று அதன் பெயர் ‘க்ரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ்’. முதலில் ஆடியவர் பெயர் அதில் இல்லை!

ஆனாலும் இந்த ஆட்டங்கள் நமக்குக் கிடைத்திருப்பது காக்ரேனால்தான். இங்கிலாந்து செஸ் பத்திரிகையில் அவை அச்சேறின. இப்படி ஆடும் தொடக்கங்களுக்கு ‘இந்தியன்’ என்ற பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

குதிரையைக் கொடு

காக்ரேன் பாணியே வேறு. கணக்குப் பார்க்காமல் காயைக் கொடுத்துத் தாக்குவார். 1848இல் மகேஷ் சந்திரருக்கு எதிராக, பெட்ரோவ் டிஃபென்ஸில் நான்காவது நகர்த்தலிலேயே ராஜாவை ஒட்டிய சிப்பாய் மேல் குதிரையைப் பாய்ச்சினார். குதிரை போகும், பதிலுக்கு இரண்டு சிப்பாய்தான் கிடைக்கும். ஆனால் எதிராளியின் ராஜா வெளியே வந்து மாட்டிக்கொள்ளும், கோட்டை கட்டவும் வழியில்லை. இதுதான் ‘காக்ரேன் கேம்பிட்’.

1869இல் ஓய்வு பெற்று லண்டன் திரும்பிய காக்ரேன், 1878இல் இறந்தார். அந்தக் குதிரை பலியை 1999 லினாரெஸ் போட்டியில் கிராம்னிக்குக்கு எதிராகத் துணிந்து ஆடினார் டோபலோவ். ஆட்டம் டிரா.