முக்கால் குறியும் வெற்றுக் கட்டங்களும்: புதிய கணினியில் தமிழ் தெரியாமற்போன வரலாறு



பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரத்தில், எங்கள் பள்ளியில் புதிதாகப் பணியேற்ற ஆசிரியை ஒருவர் தம் புதிய மடிக்கணினியைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "ஐயா, இது பழுதான கணினி போலிருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்றார். திரையில் நான் பல ஆண்டுகளுக்கு முன் தயாரித்த ஐந்தாம் ஆண்டுத் தமிழ்மொழித் தாள் இருந்தது. எழுத்துகள் நன்றாகவே தெரிந்தன. ஆனால் கேள்வி ஒரு பக்கத்திலும் அதற்குரிய விடைக்கோடுகள் மறுபக்கத்திலுமாகச் சிதறிக் கிடந்தன.

அது பழுதன்று. அந்தத் தாள் 'லதா' என்னும் எழுத்துருவில் அமைந்தது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 முதற்கொண்டு லதா, வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் எழுத்துருக்களுள் ஒன்றாகிவிட்டது. அது இல்லாத கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை அவ்விடத்தில் இட்டு நிரப்புகிறது. எழுத்தின் அகலமும் வரிகளின் இடைவெளியும் மாறுவதால் பக்கங்கள் நகர்கின்றன. அமைப்புகளில் விருப்பக் கூறுகள் என்னும் பகுதிக்குச் சென்று தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தோம். தாள் பழைய நிலைக்குத் திரும்பியது.

அந்த ஆசிரியைக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம். கணினியில் தமிழ் தெரியும் என்பதை மின்விசிறி சுற்றும் என்பதைப்போல இயல்பாக எடுத்துக்கொள்ளும் தலைமுறை அது. "தமிழ் தெரியவில்லை" என்று நாங்கள் சொன்ன காலத்தில் அது மாணவனைப் பற்றிய குறையா, கணினியைப் பற்றிய குறையா என்று கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்று அன்று தோன்றியது. எழுதுவதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

2003ஆம் ஆண்டு நம் நாட்டில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. அதற்கென ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் படவீழ்த்திகளும் வழங்கப்பட்டன. (அத்திட்டத்தைப் பற்றிய என் கருத்து வேறு. இங்கு வேண்டா.) பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து பணியேற்ற முதல் ஆண்டு எனக்கு. ஆங்கிலத்திற்காக வந்த கணினியில் தமிழை ஓட்டிப் பார்க்கும் ஆவல் எல்லாருக்கும் இருந்தது. கல்லூரியில் நான் தட்டச்சு செய்த ஒப்படைப்பு அடங்கிய நெகிழ்தட்டை இட்டுத் திறந்தேன். தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் என்னும் பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்து, ஒரு சென்ட் குறி, மீண்டும் தலையில் கோடு போட்ட இன்னோர் எழுத்து. அதே நாள் மாலை நண்பர் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தேன். அதில் வரிவரியாக வெற்றுக் கட்டங்கள். இரண்டையும் பார்த்து, கணினி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதும், இரண்டிலும் நோய் கணினிக்கு இல்லை என்பதும் எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதலில் முக்கால் குறியின் கதை. 1985ஆம் ஆண்டு, கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் மகனான முத்து நெடுமாறன், நம் நாட்டில் 'முரசு' என்னும் தமிழ்மென்பொருளை உருவாக்கினார். பிற்காலத்தில் முரசு அஞ்சல் என்று நாம் அறிந்தது அதன் வழி வந்ததே. அக்காலக் கணினிக்கு ஓர் எழுத்து என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண் மட்டுமே. முதற்பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. எஞ்சியவை 128 அறைகள். தமிழுக்கோ 247 எழுத்துகள்; கிரந்தம் தனி. எனவே கொம்பு, கால், கொக்கி என எழுத்துகளைத் துண்டுகளாக்கி அறைகளில் வைத்தார்கள். எந்தத் துண்டை எந்த அறையில் வைப்பது என்பதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வழி சென்றது. ஒருவர் வீட்டில் தகரம் இருந்த அறையில் இன்னொருவர் வீட்டில் ணகரம் இருந்தது. எழுத்துரு இல்லாத கணினியோ அந்த அறைகளில் ஐரோப்பிய எழுத்துகளையும் பின்னங்களையும் நாணயக் குறிகளையும் காட்டியது. என் ஒப்படைப்பு அழியவில்லை. அதற்குரிய கண்ணாடி மட்டும் அந்தக் கணினியில் இல்லை.

வேறு சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் அறைகளிலேயே தமிழை அமர்த்தின. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் பரவிய பாமினி அத்தகையது. அதில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துரு நீங்கினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும் தெரியும். அதைக் கண்டவுடனே பாமினி என்று சொல்லிவிடலாம். அதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சொற்செயலி தன் போக்கில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக மாற்றும் அல்லவா? பாமினியில் சிறிய எழுத்தில் தகரம் இருந்தால் பெரிய எழுத்தில் 'து' இருக்கும். மகரத்துக்கு 'மு'. பகரத்துக்கு 'பு'. ஆகவே முற்றுப்புள்ளியை அடுத்து வந்த 'தமிழ்' 'துமிழ்' ஆனது; 'மரம்' 'முரம்' ஆனது. மாணவரின் எழுத்துப்பிழையைத் திருத்தும் தாளிலேயே இப்படி வந்தால் ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தும் முயற்சியில் நம் அண்டை நாடான சிங்கப்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்குத் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, 'கணியன்' என்னும் தமிழ்முறையை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கென அமைந்த இணையத்தளத்தில் தமிழ் ஏறியதற்கு அவர் உழைப்பே காரணம். 1997 மே மாதத்தில் தமிழ்நெட் 97 மாநாட்டைக் கூட்டுவதிலும் முன்னின்றார். 1999இல் மறைந்தார். கணித்தமிழின் முன்னோடிகளுள் ஒருவர் ஆசிரியர்களுக்கு ஆசிரியர் என்பதை நம் பயிற்சிக் கழக மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

அம்மாநாட்டையும் மின்னஞ்சல் வழி நடந்த நெடிய கலந்துரையாடல்களையும் தொடர்ந்து திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து தாம், தாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்புத் தோன்ற, 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. திஸ்கியில் ஒரு சிறு விபத்து நேர்ந்தது. இகரத்தை 173ஆம் அறையில் வைத்திருந்தார்கள். பல மென்பொருள்களுக்கோ அந்த எண், வரியின் இறுதியில் சொல்லைப் பிரிக்கும்போது மட்டும் தோன்றும் மறைகோட்டின் எண். எனவே அவை இகரத்தை விழுங்கிவிட்டன. 'இல்லை' என்பது 'ல்லை' என்று தெரிந்தது. பின்னர் 254ஆம் அறையில் இன்னோர் இகரத்தை வைத்துச் சரிசெய்தார்கள். பழைய கோப்புகளில் இகரம் மட்டும் காணாமற்போனால் காரணம் இதுவே.

இனி வெற்றுக் கட்டங்கள். உலக எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்தியாவின் இஸ்கி அமைப்பைத் தழுவிய ஒதுக்கீடு அது. வெற்றுக் கட்டம் என்றால் கணினி அது தமிழ் என்று அறிந்திருக்கிறது, வரைந்து காட்ட எழுத்துரு இல்லை என்று பொருள். இதன் மருந்து எளிது. எழுத்துருவை மட்டும் நிறுவியபின் தோன்றிய மூன்றாம் நோய்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்துகள் தெரிந்தன, ஆனால் 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் நின்றது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்யும் அதே பிழை!

பிள்ளை ஏன் அப்படி எழுதுகிறான்? அவன் காதுக்கு முதலில் கேட்பது ககரம், பிறகு எகரம். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியக் காலந்தொட்டு வரும் இலக்கணம். ஒருங்குறி அந்த ஒலி வரிசையில்தான் எழுத்தைச் சேமிக்கிறது. பழைய எழுத்துருக்களோ தட்டச்சுப் பொறியைப் பின்பற்றி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் சேமித்தன. ஒலி வரிசையைக் கண் வரிசையாக மாற்றிக் காட்ட எழுத்துரு மட்டும் போதாது. இயங்குதளத்துக்குள் ஒரு வரைவுப்பொறி வேண்டும். விண்டோஸ் 2000 அதையும் லதாவையும் கொண்டு வந்தது. 2001இல் வந்த எக்ஸ்பியில் அப்பொறியை நாமே இயக்க வேண்டியிருந்தது: வட்டார, மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் ஒரு சரி அடையாளம், கூடவே நிறுவல் குறுவட்டு. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில் அது தானாகவே இயங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய கணினி வாங்கிய தமிழர் பலரும், ஒரு சரி அடையாளத்துக்காக, கணினி தெரிந்த யாரையோ தேடி அலைந்தனர்.

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன காரணம்.

2003இல் எங்கள் பள்ளியில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். தோட்டப்பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றியவர். மாணவர்களின் பாட்டிமாரும் தாத்தாமாரும் சொன்ன தோட்டத்துக் கதைகளைக் கேட்டுக் கேட்டு எழுதி, 1990களின் பிற்பகுதியில் பள்ளியின் பழைய கணினியில் தாமே ஒற்றை விரலால் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்தத் தோட்டம் அப்போதே துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகியிருந்தது. பழைய கணினியும் தூக்கி எறியப்பட்டது. ஒரு நாள் மூன்று நெகிழ்தட்டுகளை என்னிடம் கொடுத்து, "தம்பி, உங்கள் புதுக் கணினியில் இது வருகிறதா பாருங்கள்" என்றார். திறந்தேன். முக்கால் குறிகள், சென்ட் குறிகள்.

"ஐயா, எல்லாம் கெட்டுப்போய்விட்டது" என்றேன்.

கல்லூரியில் கணினி கற்று வந்தவன் சொல்கிறான் என்று நம்பினார். "அப்படியா தம்பி" என்று மட்டும் சொன்னார். மூன்றையும் என் கண்முன்னே ஆசிரியர் அறைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வகுப்புக்குச் சென்றார்.

அவர் மறைந்தபின், அவருடைய மகள் பிஸ்கட் டின் ஒன்றில் பதினொரு நெகிழ்தட்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தார். எட்டுத் திறந்தன; மூன்றைக் கணினியால் படிக்கவே இயலவில்லை. திறந்தவற்றில் அதே முக்கால் குறிகள். இம்முறை எனக்கு அவற்றைப் படிக்கத் தெரிந்திருந்தது. திஸ்கி. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டிப் பொத்தானை அழுத்தினேன். கதை அப்படியே தமிழில் வந்து நின்றது. சில இடங்களில் இகரம் இல்லை. அவற்றை நானே கையால் இட்டேன். மொத்தம் இருபத்தாறு கதைகள். இப்போது எங்கள் பள்ளி நூலகத்தில் அச்சுப்படியாக இருக்கின்றன. நான்காம் ஆண்டு மாணவர்கள் வாசிக்கிறார்கள்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, புதிய கணினி வந்ததும் பழைய கோப்பில் விசித்திரக் குறிகளைக் கண்டால் அழித்துவிடாதீர்கள். மூலக் கோப்பைப் படி எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பத்தியை மட்டும் மாற்றியில் இட்டுப் பாருங்கள். தமிழ் வராவிட்டால் குறியேற்றத்தின் பெயரை மாற்றி மீண்டும் முயலுங்கள். திஸ்கி, தாப், தாம், பாமினி என்று நான்கைந்து பெயர்கள்தாம். எந்த எழுத்துருவில் அடித்தது என்பது தெரிந்தால் அதையும் கோப்பின் பெயரோடு எழுதி வையுங்கள்.

அந்த டின்னில் ஒரு குறிப்பேடும் இருந்தது. ஒவ்வொரு நெகிழ்தட்டிலும் என்னென்ன கதைகள் உள்ளன என்று எண்ணிட்டு எழுதியிருந்தார். என்னிடம் கொடுத்த மூன்றின் எண்கள் 4, 5, 6. அவற்றுக்கு நேரே ஒன்பது தலைப்புகள் உள்ளன. 'கங்காணி வீட்டுக் கிணறு' என்பது அவற்றுள் ஒன்று. 'ஐந்தாம் நிரைப் பேய்', 'பால் வாளிக்குள் நிலா' என்பவை வேறு இரண்டு. கதைகளைச் சொன்ன பாட்டிமாரின் பெயர்களையும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார். அவர்களின் பேரப்பிள்ளைகளுள் இருவரை இதுவரை கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறேன். ஒருவருக்குக் கிணற்றுக் கதையின் தொடக்கம் மட்டும் நினைவிருக்கிறது.