பழியின் தீயில் ஓர் ஆசிரியை

ஸ்டீபன் கிங்கின் ‘கேரி’ புதினம் (1974) 1976இல் பிரையன் டி பால்மாவின் திரைப்படமாயிற்று. சக மாணவியரின் ஏளனத்துக்கு ஆளான கேரி, பள்ளி நடன விழாவில் தன்மீது பன்றி இரத்தம் கொட்டப்பட்டதும், அமானுட ஆற்றலால் அரங்கையே எரிக்கிறாள். தம் பள்ளி நாள்களில் கண்ட இரு மாணவியரின் சாயலிலேயே அவளைப் படைத்ததாகக் கிங் 2000இல் எழுதினார். வெறும் பேய்க்கதை என ஒதுக்குவோர் இதனை அறிதல் நன்று.

அவளுக்காகப் பரிந்த உடற்பயிற்சி ஆசிரியை புதினத்தில் உயிர்தப்புகிறார். டி பால்மாவின் படத்திலோ மாண்டுபோகிறார். அவ்வேளை கேரியின் கண்ணுக்கு அவரும் நகைப்பவராகவே தெரிகிறார். அவமானம் அன்பு முகத்தையும் பகைமுகமாக்கிவிட்டது. 2013இல் கிம்பர்லி பியர்ஸ் எடுத்த படத்தில் கேரியே ஆசிரியையைக் காப்பாற்றுகிறாள். ஆறுதலான மாற்றந்தான், ஆயினும் பழைய படமே உண்மைக்கு அணித்தென நமக்குத் தோன்றுகிறது.