யாழ் ஸ்டேஷனில் எடுத்த படம்



சென்ற விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் உத்தரதேவியைப் போட்டி போட்டுப் படம் பிடித்தார்கள். 2019 இல் ஓடத் தொடங்கிய, சென்னையில் செய்த ரயில். நாங்களும் ஃபோனை எடுத்தோம். ஆனால் மனம் தேடியது 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை. எங்கள் வாப்பாமார் கொழும்புக்குப் போய்வந்த கோச்சி அது.

"இது பழைய கட்டடமா சேர்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. இந்த ஊருக்குப் பாதை வந்தது 1902 இல். ஆனால் இப்போது நிற்பது, போரில் சிதைந்து மீளக் கட்டியது.

1990 ஜூன் 13 உடன் யாழ்தேவி நின்றது. அதே வருடம் ஒக்டோபர் 30, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ் நகர முஸ்லிம்களாகிய நாங்கள் வெளியேற்றப்பட்டபோது ஏறிப்போக ரயிலும் இல்லை. லொறியிலும் கால்நடையாகவும் வந்தோம். பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. ரயில் திரும்பியது 2014 ஒக்டோபர் 13 இல். காங்கேசன்துறை வரை நீளும்வரை சில மாதங்கள் இதுவே கடைசி ஸ்டேஷன்.

புதிய ரயிலின் படங்கள் இப்போது எல்லோரிடமும் உண்டு. பழைய ஸ்டேஷனில் எடுத்த எங்கள் குடும்பப் படங்கள் விட்டுவந்த வீடுகளோடு போய்விட்டன. யாரிடமாவது ஒன்று மிஞ்சியிருந்தால் கீழே போடுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரையும் தெருவையும் எழுதுங்கள்.