வேளைக்காரர்: ராஜா வீட்டு வாசல்ல நின்ன நம்ம ஊர் செக்யூரிட்டிகள்

போன வாரம் நைட் டியூட்டி. கழுகுமலை பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி கால்ல சுகர் புண்ணோட வந்தாரு. வயசு அறுபதுக்கு மேல. பதினெட்டு வருஷம் வளைகுடாவுல ஒரு பெரிய மனுஷன் வீட்டு கேட்டுல செக்யூரிட்டியா நின்னவரு. டிரெஸ்ஸிங் பண்ணிக்கிட்டே பேச்சுக் கொடுத்தேன்.

"கடைசி ஆறு மாசச் சம்பளம் இன்னும் வரல சார். ஆனா ஒரு நாள்கூட கேட்டை விட்டு நகரலை" அப்படின்னாரு.

மழை பொய்ச்சா கரிசக்காட்டு ஆளுங்களுக்கு என்ன வழி? ராணுவம், போலீஸ், வெளிநாடு, வாட்ச்மேன். நம்மல்ல முக்கால்வாசிப் பேருக்கு வீட்டுக்கு ஒரு காவக்காரராவது இருப்பாரு. அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது 900 வருஷத்துக்கு முந்தைய ஒரு படை. நம்ம ஆளுங்க அடுத்த நாட்டு ராஜாவுக்கு மெய்க்காவலா நின்ன கதை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு 'வேளக்காரப் படை' தெரிஞ்சிருக்கும். நிறைய பேர் 'வேலைக்காரர்'னு எழுதுறாங்க. ளகரம் முக்கியம் மக்களே! வேளை வந்தா உயிரைக் கொடுப்போம்னு சபதம் பண்ணினவங்க என்பதுதான் பரவலா சொல்லப்படுற விளக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல ராஜராஜனோட வேளைக்காரப் படைகள் பெயர் பெயரா இருக்கு: 'அழகிய சோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்', 'க்ஷத்ரிய சிகாமணித் தெரிந்த வலங்கை வேளைக்காரர்' இப்படி. 'தெரிந்த' என்றால் பொறுக்கி எடுத்த. ரெஜிமெண்டுக்கு ராஜாவோட பட்டப் பேரையே வைக்கிற பழக்கம் அப்பவே இருந்திருக்கு. நம்ம பாண்டிய நாட்டுல இதே மாதிரி ஆளுங்களுக்கு 'ஆபத்துதவிகள்'னு பேரு. 13-ஆம் நூற்றாண்டு கடைசியில இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ராஜா செத்தா அவரோட சிதையிலேயே விழுந்து சாகுற காவலர்களைப் பத்தி எழுதி வச்சிருக்காரு.

சொந்த ராஜாவுக்கு உயிர் கொடுக்குறது ஒரு மாதிரி. கூலிக்கு வந்த நாட்டுல, வேற மொழி பேசுற ராஜாவுக்கு?

உலகம் பூரா இப்படி நடந்திருக்கு. 988-வாக்குல பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசில், வடக்கே இருந்து வந்த வைக்கிங் ஆளுங்களை வரவழைச்சார். அதுதான் வரங்கியன் காவல்படை. இஸ்தான்புல் ஹாகியா சோபியா மாடத்துல அவங்கள்ல ஒருத்தர் தன் பேரை ரூன் எழுத்துல கீறி வச்சிருக்காரு, இன்னும் இருக்கு. (பள்ளிக்கூட பெஞ்சுல காம்பஸால பேரு செதுக்கின நம்மளுக்கு அந்த மனநிலை புரியும்.) போப்பாண்டவருக்கு 1506-ல இருந்து சுவிஸ் காவலர்கள். 1527-ல ரோம் சூறையாடப்பட்டப்போ 189 பேர்ல 147 பேர் செத்தாங்க.

ஏன் வெளியாளு? ரொம்ப எளிய கணக்கு. உள்ளூர்க்காரனுக்கு மச்சான் இருப்பான், சித்தப்பா இருப்பாரு, அவங்கள்ல யாராவது ராஜாவைக் கவிழ்க்க நினைப்பாங்க. வெளியாளுக்கு அந்த ஊர்ல ராஜாவை விட்டா யாரும் இல்லை. கணக்கு சரிதான், ஒரு இடத்துல மட்டும் உதைக்கும்: சம்பளம்.

இலங்கையை ஆண்ட ஐந்தாம் மகிந்தன் அந்த இடத்துலதான் மாட்டினான். 10-ஆம் நூற்றாண்டு கடைசி. குடியானவங்க வரி கட்டலை, கஜானா காலி, கேரளத்துப் படைவீரர்களுக்குச் சம்பள பாக்கி. அவங்க அரண்மனை வாசல்ல உட்கார்ந்துட்டாங்க. பாக்கி வர்ற வரைக்கும் ராஜா சாப்பிடக்கூடாதுன்னு நிபந்தனை! ராஜா சுரங்க வழியா தெற்கே ரோகணத்துக்குத் தப்பிச்சு ஓடினான். இந்தக் குழப்பத்தைச் சோழனுக்குப் போய்ச் சொன்னது ஒரு குதிரை வியாபாரி என்கிறது சூளவம்சம். 993-ல ராஜராஜன் படை வந்து இறங்கிச்சு. 1017-ல ராஜேந்திரன் காலத்துல மகிந்தன் பிடிபட்டு, சோழ நாட்டுலயே செத்தான். ஒரு நாடே போனதுக்கு இன்னும் நூறு காரணம் இருக்கலாம். ஆனா அரியர் பட்டுவாடா ஆகாதது அதுல ஒண்ணு. அரசு ஊழியனா சொல்றேன், எனக்கு அந்தக் கேரளத்துக்காரங்க மேல கோபம் வரலை.

அப்புறம் 70, 80 வருஷம் பொலன்னறுவை சோழர் கையில. 1070-ல முதலாம் விஜயபாகு அதை மீட்டான். சோழர் போனாங்க, ஆனா வேளைக்காரர் அங்கே இருந்தாங்க. சோழரை விரட்டின ராஜாவுக்கே தமிழ்ப் படை காவல்! தமிழர் மட்டும் இல்லை. வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர்னு பல பிரிவு கொண்ட படை அது.

1084-85 வாக்குல பிரச்சினை வெடிச்சது. விஜயபாகு கர்நாடகத்துச் சாளுக்கிய ராஜாவுக்குப் பரிசோட தூதர்களை அனுப்பினான். வழியில சோழ நாட்டுல அவங்களைப் பிடிச்சு மூக்கையும் காதையும் அறுத்து அனுப்பிட்டாங்க. (முகத்துல ரத்த ஓட்டம் அதிகம். கொட்டுற ரத்தத்தைப் பார்த்தா பயமா இருக்கும், ஆனா அதே ரத்த ஓட்டத்தால புண் சீக்கிரம் ஆறிடும். ஆள் பிழைச்சு வந்து காட்டணும்னுதான் அந்தத் தண்டனையே.) கொதிச்சுப்போன விஜயபாகு, சோழன் மேல போருன்னு துறைமுகங்களுக்குப் படையை அனுப்பினான்.

வேளைக்காரர் போக மறுத்தாங்க.

மறுத்ததோட நிக்கலை. ரெண்டு தளபதிகளைக் கொன்னாங்க. பொலன்னறுவையைக் கொள்ளையடிச்சு, ராஜாவோட தங்கை மித்தாவையும் அவளோட மூணு பையன்களையும் பிடிச்சுக்கிட்டு, அரண்மனைக்குத் தீ வச்சாங்க. ராஜா ஓடிப்போய், படை திரட்டி, திரும்பி வந்து ஜெயிச்சான். தலைவர்களைக் கையைப் பின்னால கட்டி, செத்துப்போன தளபதிகளோட சிதையைச் சுத்தி நிறுத்தி எரிச்சான்.

இந்த வரியை நான் சும்மா கடந்து போக முடியாது. தீப்பெட்டியும் பட்டாசும் செய்யுற பூமி இது. உடம்பு பூரா வெந்து வர்றவங்க முதல் சில மணி நேரம் தெளிவா பேசுவாங்க, தண்ணி கேப்பாங்க, வீட்டு நம்பர் சொல்லுவாங்க. சூளவம்சம் ஒரு வரியில முடிச்சிடுது.

ஏன் மறுத்தாங்க? 'தமிழன் தமிழன் மேல கை வைக்க மாட்டான்'னு ஃபார்வர்டு மெசேஜ்ல வரும். அவ்வளவு சுலபமா நான் எடுத்துக்க மாட்டேன். வடுகரும் மலையாளரும் இருந்த படை அது. சோழரும் பாண்டியரும் எத்தனை தலைமுறை வெட்டிக்கிட்டாங்கன்னு நமக்குத் தெரியும். ஆனா அக்கரையில அம்மா, பொண்டாட்டி, காணி நிலம் எல்லாம் இருக்கிறவன், அந்தக் கரையிலேயே போய்ச் சண்டைக்கு இறங்குன்னா யோசிப்பானா மாட்டானா? காவல் காக்கிறதாச் சொன்னவன், படையெடுக்கிறதாச் சொன்னானா? எனக்கு ரெண்டாவது கேள்விதான் பெருசாத் தெரியுது. அதுக்காகத் தங்கச்சியையும் குழந்தைகளையும் பிடிச்சதை நியாயப்படுத்தவும் முடியாது.

இதோட கதை முடிஞ்சிருக்கணும். மானியமெல்லாம் பறிச்சாச்சு. ஆனா விஜயபாகு 55 வருஷம் ஆண்டு செத்த பிறகு வெட்டின ஒரு கல் பொலன்னறுவையில நிக்குது. தமிழ்க் கல்வெட்டு. புத்தரோட புனிதப் பல் வச்சிருந்த கோயிலை யார் பொறுப்புல விட்டாங்க தெரியுமா? இதே வேளைக்காரர்கிட்டதான்! முகலன் என்ற பௌத்த ராஜகுரு கேட்டுக்கிட்டாரு. இவங்க வலஞ்சியர், நகரத்தார்னு வணிகர்களையும் கூட்டி வச்சு முடிவெடுத்து, கோயிலுக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன்'னு தங்க பேரையே வச்சு, காவலுக்கு ஆளும் போட்டு, வேலி நிலமும் ஒதுக்கினாங்க. எங்களுக்கு நஷ்டமானாலும் வம்சம் இருக்கிற வரை காப்போம்னு உறுதி. சிங்கள ராஜா கட்டின பௌத்தக் கோயிலுக்குத் தமிழ்ப் படை காவல், அதுவும் தமிழ்ல எழுதி! இன்னைக்கு ரெண்டு பக்கமும் கத்துறவங்க யாருக்கும் இந்தக் கல் வசதிப்படாது.

ரொம்பப் புனிதமாவும் ஆக்கிட வேண்டாம். இரண்டாம் கஜபாகு காலத்துல இதே வேளைக்காரரைக் காசு கொடுத்து இழுத்தவங்க யாரு? அன்னைக்குப் பணயமாப் பிடிபட்ட மித்தா பையன்கள்ல ரெண்டு பேரு!

டிரெஸ்ஸிங் முடியிற வரைக்கும் அண்ணாச்சிகிட்ட இதைச் சுருக்கமாச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு ஒரே கேள்விதான்.

"அந்த வேலி நிலம் மானாவாரியா சார், பாசனமா?"

"பொலன்னறுவை பூரா குளத்துப் பாசனம் அண்ணாச்சி."

"அப்படின்னா சரி" ன்னு சொல்லிட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நொண்டி நொண்டிப் போனாரு. செருப்பு போட்டுத்தான் நடக்கணும்னு மறுபடியும் சத்தம் போட வேண்டியதாப் போச்சு. அடுத்த டிரெஸ்ஸிங் திங்கக்கிழமை.