தறியும் கரும்பும் சொல்லும் பாடம்



ஆலையில் உற்பத்தி குறைந்தால் "ஆளுங்க சரியில்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். மெஷினும் சரி, ஆளும் சரி, ஆனால் வேலையைப் பிரித்த விதம் தப்பு என்றாலும் உற்பத்தி படுத்துவிடும். சரித்திரத்தில் இதற்குச் சாட்சி உண்டு.

பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் முன்பு இரண்டு மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து வெட்டுவது முதல் அள்ளுவது வரை செய்தார்கள். மெஷின் வந்ததும் ஒரு ஷிப்ட் வெட்ட, இன்னொரு ஷிப்ட் அள்ள என்று பிரித்தார்கள். ஒருத்தர் விட்ட குறை அடுத்தவர் தலையில் விழுந்தது. எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. இதை 1951இல் எழுதிய இருவரில் கென் பாம்ஃபோர்த் தாமே சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். மற்றவர் எரிக் டிரிஸ்ட்.

அடுத்த சாட்சி நம் நாட்டில், அகமதாபாத் காலிகோ ஆலையில். அங்கே தானியங்கித் தறிகள் வந்தும் பலன் கிடைக்கவில்லை. நெசவு, பாபின் நிரப்புதல், அறுந்த இழை கட்டுதல், எண்ணெய் போடுதல், பெருக்குதல் என்று வேலை 12 வகையாகப் பிரிந்திருந்தது. நெசவாளிக்கு ஒரு கணக்குத் தறி, பாபின்காரருக்கு வேறு கணக்கு. "இது என் தறி" என்று சொல்ல ஆள் இல்லை. 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், ஏழு பேர் குழுவுக்கு 64 தறி என்ற யோசனையை முன்வைத்தார். ஆட்களைச் சேர்த்துக் குழு அமைத்தவர்கள் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களுமே. உற்பத்தி கூடியது, சேதத் துணி குறைந்தது. ஆனால் 1975இல் வெளிவந்த எரிக் மில்லரின் மறு ஆய்வு, சில இடங்களில் அந்த முறை நீடித்ததையும் மற்ற இடங்களில் தேய்ந்துபோனதையும் காட்டியது. ஒருமுறை அமைத்துவிட்டுப் போனால் போதாது என்று அர்த்தம்.

ரிஷிவந்தியம் வட்டாரத்தானாகிய எனக்கு இதைப் படித்தபோது கரும்புதான் ஞாபகம் வந்தது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் நமக்குத் தெரிந்தவை. வயலில் ஒரு மேஸ்திரியும் அவர் ஆட்களும் வெட்டி, சோகை உரித்து, கட்டு கட்டி, லோடு ஏற்றி விடுகிறார்கள். கூலி டன் கணக்கு. யார் எதைச் செய்வது என்று அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். முழு வேலையும் ஒரு குழுவின் கையில்! ரைஸ் தறிக்கூடத்தில் கொண்டுவந்தது நம்ம கரும்புக் காட்டில் வழக்கமாகவே இருக்கிறது.

சிக்கல் வருவது இடைவெளியில்தான். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போக வேண்டும். தாமதமானால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். கட்டிங் ஆர்டர், ஆள், லாரி, அரவை நான்கும் ஒரே கணக்கில் ஓடாவிட்டால், எவ்வளவு வேகமாக வெட்டியும் கரும்பு வண்டியிலேயே காயும். நஷ்டம் விவசாயிக்கும் உண்டு, ஆலைக்கும் உண்டு. குற்றம் வெட்டியவன் மேலா?

நாளை ஆலைகளில் மேற்பார்வைக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆளை மாற்றுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். முழு வேலை ஒரு குழுவிடம் இருக்கிறதா? ஒரு குழு முடித்ததை அடுத்த குழு எப்போது, எப்படி வாங்கிக்கொள்கிறது? இந்த ஏற்பாட்டைச் செய்யும்போது அந்த வேலையைச் செய்கிறவரைக் கேட்டோமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் மேனேஜர் அறையில் கிடைக்காது. தறிக்கும் வயலுக்கும் போய்க் கேளுங்கள்.