பெருவிரல் ரேகையும் வாலிபர் உள்ளமும்

1948-இல் மலாயாவில் அவசரகாலம் பிறந்ததும், பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் படம் பிடித்து, பெருவிரல் ரேகை பதித்து, அடையாளக் கார்டு பெறவேண்டுமெனச் சர்க்கார் ஆணையிட்டது. தோட்டத்துச் சிறுவனும் பெற்றான். புந்தோங் கடைத்தெருச் சிறுவனும் பெற்றான். நீ யார் என்ற வினா அத்தோடு தீர்ந்ததென அதிகாரிகள் கருதினர் போலும். இரண்டே ஆண்டு கழித்து, எரிக் எரிக்சன் என்னும் மனநூலறிஞர் அமெரிக்காவில் வெளியிட்ட நூலில், அவ்வினா வாலிபப் பருவத்திலேதான் மூண்டெழுகிறது என்றார்.

நம்மவரை எண்ணுவதில் சர்க்கார் என்றும் சோம்பியதில்லை. 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், மலாயா இந்தியருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே இந்நாட்டிற் பிறந்தவர், 1947-இலோ பாதிப்பேர். 1938-இல் இந்திய சர்க்கார் தோட்டக் கூலிகளின் பயணத்தைத் தடுத்தது இம்மாற்றத்திற்கு ஒரு காரணம். ஆயின், இங்குப் பிறந்தவன் எதைத் தன் நாடென எண்ணினான்? குடிமதிப்புத் தாளில் அதற்குக் கட்டமில்லை.

உள்ளத்தை அளக்கும் கோலொன்றை 1966-இல் ஜேம்ஸ் மார்சியா வகுத்தார். தொழில், சமயம், அரசியல் ஆகியவற்றில் வாலிபன் பலவழிகளை ஆராய்ந்தானா, ஒன்றில் உறுதிகொண்டானா என்பதே அவர் கேள்வி. இரண்டும் உடையவன் தன்னை அடைந்தவன். ஆராய்ந்துகொண்டிருப்பவன் இடைவழியில் நிற்பவன். இரண்டும் இல்லாதவன் சிதறியவன். ஆராயாமலே பெற்றோர் வழியைப் பற்றியவனோ முன்னரே கதவடைத்தவன். அவர் அளந்தது 86 அமெரிக்கக் கல்லூரி மாணவரை என்பதை நாம் மறத்தலாகாது.

அக்கோலைத் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டத்தார் பள்ளி வைக்கவேண்டும். வைத்தனர், சிலவிடத்துக் கிராணியே வாத்தியார்! சில வகுப்புகளோடு படிப்பு முடியும். பின்பு பால்வாளியும் கத்தியுமே. தகப்பன் வெட்டிய மரத்தை மகன் வெட்டினான். மார்சியாவின் கோல் அவனைக் கதவடைத்தவன் என எழுதும். அடைத்தவன் அவனா? லயத்தில் எத்தனை கதவு திறந்திருந்தது? கங்காணி ஆள்கட்டி வந்தபோது சாதியும் உடன் கப்பலேறியது. பிள்ளைக்குப் பேச்சு வருமுன்னே அது அவன்மேல் எழுதப்பட்டாயிற்று. அவ்வாறு வந்த உறுதியைத் தன்னுணர்வென நாம் ஒப்போம்.

1992-இல் ஜீன் ஃபின்னி அமைத்த கோல் நமக்குச் சற்றுப் பொருந்துவது. 14 வினாக்கள், எவ்வினத்து இளைஞரும் விடையளிக்கலாம். தன் இனத்தின் வரலாற்றைத் தேடியறிந்தானா என்பது ஒருவகை வினா. அதனோடு ஒன்றிய உணர்வுண்டா என்பது மற்றொருவகை. 2007-இல் ஆறு வினாக்களாகச் சுருக்கியபோது இவ்விரண்டையும் தனித்தனியே அளந்தனர். மேடைதோறும் இனப்பெருமை பேசி, தாத்தா எந்தத் தோட்டத்தில் மரம் வெட்டினார் என்று ஒருநாளும் கேளாத வாலிபர் நம்மிடையே உண்டு. ஒன்றிய உணர்வில் அவர்க்கு நிறைமதிப்பெண், தேடலிலோ சுழியம்!

இன்றைய புந்தோங், இந்திய வாக்காளர் மிகுந்த சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று. அங்கே இவ்வினாத்தாளை எடுத்துச் செல்வோர் ஒன்றைக் கவனித்தல் நலம். அதில் ஒரு வெற்றுக்கோடு உண்டு. தன்னை எவ்வினத்தவனாகக் கருதுகிறான் என்பதை இளைஞனே அதில் எழுதவேண்டும். தமிழன் என்பான் ஒருவன், இந்தியன் என்பான் ஒருவன், மலேசியன் என்றே எழுதுவான் இன்னொருவன். அதிகாரி நிரப்புவதற்கு அதில் இடமில்லை.