இரவல் நகையும் வீட்டுத் தரகரும்



யான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கு அடிக்கடி வந்துபோகும் கலியாணத் தரகர் ஒருவர் இருந்தார். பெண் பார்க்க வருகின்ற நாளிலே அயல் வீட்டில் அட்டியலோ காப்போ இரவல் வாங்கிப் பெண்ணுக்கு அணிவிப்பது எங்கள் ஊரிற் சில வீடுகளின் வழக்கம். தரகர் அதனைக் கண்டும் காணாதவர்போல் இருப்பார். ஆயினும், “இரவல் வாங்கிப் போடுங்கள்” என்று தம் வாயால் ஒருநாளேனும் சொன்னாரல்லர். என் பாட்டியார் ஒருமுறை அதற்குக் காரணம் கேட்டார். “நகை நாளைக்குத் திரும்பிப் போயிடும், ஆச்சி, சொன்ன சொல்லு என்னோடைதான் நிற்கும்” என்றார் அவர்.

கடல் கடந்த நாடொன்றின் வீட்டு விற்பனை வரலாற்றைப் படித்தபோது இந்தப் பழைய நினைவு எனக்கு வந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, விற்பனைக்கு வரும் வீட்டுக்கு ஒப்பனை செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பலர் உளர். வீட்டுக்காரரின் பழைய கதிரைகளையும் அலுமாரிகளையும் அகற்றிவிட்டு, வாடகைத் தளபாடங்களை அழகுற இட்டு, சுவர்களுக்கு மங்கலான வெண்ணிறம் பூசி, குடும்பப் படங்களைக் கழற்றி, மேசைமேற் பூச்சாடி வைத்து, வாங்க வருபவர் மனத்தில் ‘இது என் வீடு’ என்னும் எண்ணம் எழுமாறு செய்வது அவர்தம் வேலை. விற்பனை முடிந்ததும் தளபாடம் வண்டியேறிப் போய்விடும். வீடு நல்ல விலைக்குப் போனால் தரகருக்கும் தரகுப்பணம் கூடுதலாகக் கிடைக்கும். அப்படியிருந்தும், இந்த ஒப்பனையாளரை வீட்டுக்காரருக்குச் சிபாரிசு செய்வதற்குத் தரகர்களிற் பலர் தயங்குகின்றனர். இலாபம் தரக்கூடிய ஒன்றைத் தரகர் ஒருவர் தள்ளி வைப்பாராயின், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு வரலாறு இருத்தல் வேண்டும்.

அவ்வரலாறு ஒப்பனையாளரிடமன்றித் தரகரிடமே தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே காணி விற்பனை பெருகியபோது, அலுவலகமோ அனுமதிப்பத்திரமோ இல்லாமல் தெருவோரத்தில் நின்று வியாபாரம் பேசிய தரகர்கள் மலிந்திருந்தனர். ‘எனக்கு இவ்வளவு தந்தாற் போதும்’ என்று வீட்டுக்காரர் சொன்ன தொகைக்கு மேலே எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவையும் தாமே எடுத்துக்கொள்ளும் முறையும் வழங்கியது. தரகர் என்றாலே ஏமாற்றுபவர் என்ற எண்ணம் மக்களிடையே ஊறிப்போயிற்று. இந்த அவப்பெயரை நீக்கவே 1908ஆம் ஆண்டு மே மாதத்தில், 120 பேர் சிக்காகோவிற் கூடித் தேசிய சங்கமொன்றை நிறுவினர். 1913இல் அச்சங்கம் ஒழுக்கக் கோவை ஒன்றை வகுத்தது. மினியாபொலிஸ் நகரத்துத் தரகரான சார்ள்ஸ் சட்போர்ண் என்பவர், ஏழை விதவையொருத்தியைக் காணித் தரகர் ஒருவர் ஏமாற்றிவிட்டதாகப் பத்திரிகை விற்கும் பையன் தெருவிற் கூவியதைக் கேட்டு மனம் நொந்தாராம். கண்ட கண்டவரெல்லாம் தம்மோடு ஒரே பெயரால் அழைக்கப்படுவதை அவர் பொறுக்கவில்லை. அவர் உருவாக்கித் தந்த ‘றியல்ற்றர்’ என்னும் பெயரைச் சங்கம் 1916இல் தன் உறுப்பினர்க்கே உரியதாக ஏற்றுக்கொண்டது. கலிபோர்ணியா மாநிலம் 1917இல் அனுமதிப்பத்திரச் சட்டம் இயற்றியது; அது நீதிமன்றத்திலே தள்ளப்பட, 1919இல் மீண்டும் இயற்றியது.

இவ்வாறு நன்மதிப்பைச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர் அந்நாட்டுத் தரகர். இன்று அவர் காட்டும் தயக்கத்தின் வேர் இங்கேதான் உள்ளது என்பது என் கருத்து.

இனி, ஒப்பனையின் கதைக்கு வருவோம். புதிதாகக் கட்டிய வீட்டைத் தளபாடமிட்டுக் காட்டுவது பழைய வழக்கமே. 1959ஆம் ஆண்டு மொஸ்கோ நகரில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் மாதிரி வீடொன்றை நடுவே பிளந்து வழி விட்டு, மேசிஸ் என்னும் பெருங்கடையின் தளபாடங்களை நிரப்பி வைத்திருந்தனர். உதவி சனாதிபதி நிக்ஸனும் சோவியத் பிரதமர் குருஷ்சேவும் உலக அரசியலைப் பற்றி வாதாடியது அந்த வீட்டுச் சமையலறையின் முன்னாலேதான்! ஆயின், புதுவீட்டைக் கட்டி விற்கும் நிறுவனம் தன் பொருளைத் தானே அலங்கரிக்கின்றது. செலவும் பொறுப்பும் அதனுடையவையே. ஒரு குடும்பம் இருபது ஆண்டு வாழ்ந்த வீட்டின் நிலைமை வேறு.

அத்தகைய பழைய வீடுகளுக்கு ஒப்பனை செய்யும் முறையைத் தொழிலாக்கியவர் பார்ப் சுவார்ட்ஸ் என்னும் அம்மையார். சியாற்றில் நகரை அடுத்த பகுதியில் 1972இல் அவர் இதனைத் தொடங்கினார். நாடகத்திற் பழக்கமுள்ள அவர், அரங்கிலிருந்தே தம் தொழிலுக்குப் பெயரையும் எடுத்துக்கொண்டார். அதில் ஒரு சாதுரியம் உண்டு. ‘உங்கள் வீடு பார்க்க நன்றாயில்லை’ என்று எந்த வீட்டுக்காரியிடமும் சொல்லிவிட்டு நல்லபடி திரும்ப முடியுமா? ‘நாடகம் தொடங்குமுன் அரங்கை ஒழுங்கு செய்வோம்’ என்றாற் குற்றம் தோன்றாது. பாடசாலையிற் கலைவிழா நடத்தி மேடைக்குத் திரைச்சீலை தேடி அலைந்த அனுபவம் எனக்கும் உண்டாதலால் இந்தச் சாதுரியத்தை மெச்சுகின்றேன். ஆனால் அம்மையார் சொன்னதைத் தரகர் சொல்ல வேண்டி வரும்போது அது கசப்பாகவே இருக்கின்றது. வீட்டை விற்றுத் தரும் பொறுப்பை நாடி அவர் அப்பொழுதுதான் வந்திருக்கிறார். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அந்த வேளையில் சுவரில் தொங்கும் கலியாணப் படத்தைக் கழற்றச் சொன்னால், ஒப்பந்தம் வேறொரு தரகரிடம் போய்விடலாம்.

படத்தைக் கழற்றுவது பற்றிச் சிறிது விலகி ஒன்று சொல்ல வேண்டும். நன்மதிப்புக்காக ஒழுக்கக் கோவை வகுத்த அதே சங்கம், 1924இல், அயலவரின் சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரை ஓர் அயலுக்குள் தரகர் கொண்டுவரலாகாது என்றொரு விதியையும் சேர்த்தது. கறுப்பின மக்களை நோக்கி எழுதப்பட்ட விதி அது. 1950இல் இனம் பற்றிய சொற்கள் நீக்கப்பட்டன. 1968இல் நேரிய குடியிருப்புச் சட்டம் அவ்வகைப் பாகுபாட்டையே சட்டவிரோதமாக்கியது. ஆயினும், தம் வீட்டுக்கு மதிப்பீட்டாளர் வரும்போது கறுப்பினத்தவர் சிலர் குடும்பப் படங்களை மறைத்து வைத்த செய்திகள் 2020ஐ அடுத்த ஆண்டுகளிலும் வெளிவந்தன. ஒருவர்க்கு அழகுக்காகக் கழற்றும் படம், இன்னொருவர்க்கு அச்சத்தாற் கழற்றும் படமாகின்றது. இதை அறிந்த தரகர், ‘படத்தை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லத் தயங்குவாராயின் அதனைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

தயக்கத்துக்கான மிக வலிய காரணம் சட்டத்தில் இருக்கின்றது. வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டவழியில் வந்த பழைய கொள்கை. நம் நாட்டில் அசையாச் சொத்து விற்பனைக்கு அடிப்படையான உரோம டச்சுச் சட்டம் இதற்கு மாறானது. கண்ணுக்குப் புலப்படாத குறைபாட்டுக்கு விற்றவர் பொதுவாகப் பொறுப்பாளி என்பது அதன் நோக்கு. அமெரிக்காவோ ஆங்கிலக் கொள்கையிலே நெடுங்காலம் நின்று, பின்னர் மெல்ல மெல்ல அதினின்றும் விலகியது. அந்த விலகலில் முக்கியமான வழக்கு கலிபோர்ணியாவைச் சேர்ந்த டியாப்லோ என்னும் ஊரிலே தோன்றிற்று.

1976ஆம் ஆண்டில் பெண்மணி ஒருவர் அங்கே ஏறத்தாழ ஓர் ஏக்கர் வளவோடு கூடிய வீட்டை 170,000 டொலருக்கு வாங்கினார். நீச்சற்குளமும் விருந்தினர் மனையும் உடைய நல்ல வீடு. வாங்கிய சிறிது காலத்துள் நிலம் சரியத் தொடங்கியது. மண்ணிட்டு நிரப்பிய நிலத்தைச் சரிவர இறுக்காமல் விட்டதே காரணம் என்று வல்லுநர் கூறினர். வழக்கிலே, வீட்டின் மதிப்பு 20,000 டொலர் அளவுக்கு இறங்கிவிட்டதாகவும் சாட்சியம் சொல்லப்பட்டது. விற்பனையாளரின் தரகர்கள் அந்த வளவைப் பார்த்தவர்களே. விருந்தினர் மனையின் தளம் சமனாக இல்லை என்பதும், சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த வலை இட்டிருந்தது என்பதும் அவர்கள் கண்ணிற் பட்டவை. எனினும் நிலத்தைச் சோதிக்குமாறு அவர்கள் சொல்லவில்லை. நிலச்சரிவு பற்றி வாங்குபவர்க்கு அறிவிக்கவுமில்லை. 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், தரகர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னால் மட்டும் போதாது, நியாயமான கவனத்தோடு வீட்டைப் பார்வையிட்டுத் தெரிந்திருக்க வேண்டியதையும் சொல்லுதல் அவர் கடமை என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டிலேயே மாநிலச் சட்டமன்றம் இக்கடமையைச் சட்டமாக எழுதிற்று.

இத்தீர்ப்பை மனத்திற் கொண்டு ஒப்பனை செய்த வீட்டினுள் ஒருமுறை நடந்து பார்ப்போம். ஈரம் ஊறிய சுவர்மூலையில் உயர்ந்த செடிச்சாடி நிற்கின்றது. வெடித்த தளத்தின்மேல் அழகிய கம்பளம் விரிந்து கிடக்கின்றது. கறை படிந்த கூரைத்தட்டுக்குப் புதுவெள்ளை. ஒப்பனையாளர் வேண்டுமென்றே மறைத்தாரல்லர். அழகுக்காக வைத்த பொருள் தற்செயலாகக் குறையை மூடிவிட்டதாகவே இருக்கலாம். ஆயினும் ஆறு மாதம் கழித்து வாங்கியவர் வழக்குத் தொடுத்தால், ‘இவரை அழைத்து வந்தவர் யார்?’ என்ற கேள்வி எழும். ஒப்பனையாளர் தளபாடத்தோடு போய்விட்டார். அனுமதிப்பத்திரமும் பெயர்ப்பலகையும் உடைய தரகரோ அதே ஊரில் இருக்கிறார்.

பணத்தின் வழியாகவும் ஐயம் பிறக்கின்றது. ஒப்பனையாளரிடமிருந்து தரகர் மறைவாக ஏதும் பெறுகின்றாரோ என்று வீட்டுக்காரர் நினைப்பது இயல்பு. சங்கத்தின் ஒழுக்கக் கோவை இதற்குத் தனி விதி வைத்துள்ளது: சேவையொன்றைச் சிபாரிசு செய்வதாற் கிடைக்கும் நன்மையைத் தரகர் வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். நேர்மையான தரகர் பலர், ஏதும் பெறாதபோதும் அந்த ஐயத்துக்கு இடங்கொடாமலிருக்க வாயைத் திறவாதிருந்துவிடுகின்றனர்.

செலவின் முறைமையும் கவனிக்கத்தக்கது. நூற்றுக்கு ஐந்து, ஆறு என்று நெடுங்காலம் வழங்கிவந்த தரகுப்பணம் விற்பனை முடிந்த பின்னரே கைக்கு வரும். வீடு விற்காவிட்டால் வீட்டுக்காரர் தரகருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. ஒப்பனைக் கூலியோ முன்னதாகவே கொடுக்க வேண்டியது. தளபாட வாடகையும் மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகும். கணவனை இழந்து, பிள்ளைகள் தொலைவிற் குடியேறிவிட்ட நிலையில், மீதமுள்ள காலத்துக்கு ஆதாரமாக வீட்டை விற்க முனையும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தரகர் சொல்லைக் கேட்டுச் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்தபின் வீடு நான்கு மாதம் விலைப்படாமற் கிடந்தால், அவருக்கு முதலில் நினைவு வருவது தரகர் முகமே.

செலவழித்தால் நிச்சயம் பலன் உண்டு என்று ஆணையிட்டுச் சொல்லக்கூடிய சான்றும் தரகர் கையில் இல்லை. 2023இல் தேசிய சங்கம் எடுத்த கணிப்பில், வாங்குவோர் பக்கத்துத் தரகருள் நூற்றுக்கு 81 பேர், ஒப்பனை செய்த வீட்டைத் தம் வருங்கால இல்லமாகக் கற்பனை செய்துபார்ப்பது வாங்குவோர்க்கு எளிதாகின்றது என்றனர். ஆனால் தாம் விற்கும் வீடுகள் அனைத்துக்கும் ஒப்பனை செய்விப்பதாகச் சொன்ன விற்பனைத் தரகர் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவு. 2015இல் வெளியான ஆய்வொன்று இன்னும் சுவையானது. ஒரே வீட்டைப் பலவிதச் சுவர்நிறங்களோடும் தளபாடங்களோடும் எண்ணூறுக்கு மேற்பட்டோருக்குப் படமாகக் காட்டினர். அலங்காரம் பார்த்தவர் மனத்தை மகிழ்வித்தது. அவர்கள் கொடுக்க நினைத்த விலையையோ குறிப்பிடத்தக்க அளவிற்கு மாற்றவில்லை. அழகில் மயங்கி மற்றவர் கூட்டிக் கொடுப்பார் என்று எல்லோரும் எண்ணினர். தாம் கொடுப்பதாக இல்லை!

இவற்றையெல்லாம் சொன்னதனால், ஒப்பனைத் தொழிலை யான் பழிப்பதாக நேயர்கள் கொள்ளலாகாது. வெறுமையாய்க் கிடக்கும் வீட்டில் ஓர் அறையின் அளவைக் கண் மதிப்பது கடினம். நாலு கதிரை போட்டவுடன் அறை விளங்கிவிடும். தைப்பொங்கலுக்கு முன் வெள்ளையடித்து முற்றம் பெருக்குபவர்கள் நாம். சுத்தமும் ஒழுங்கும் ஏமாற்றல்ல. அமெரிக்கத் தரகருள்ளும், முதற்கட்ட ஆலோசனைக்குரிய கூலியைத் தம் தரகுப்பணத்திலிருந்தே கொடுத்து, வாடிக்கையாளரின் சுமையைக் குறைப்பவர்கள் இருக்கின்றனர். பழுதை முதலில் எழுத்திலே தெரிவித்து, திருத்த வேண்டியதைத் திருத்திய பின்பே தளபாடத்தை உள்ளே விடுபவர்களும் உளர்.

இன்னுஞ் சிலர் தம் கலியாணத் தரகு உறவினர் போன்றே நடந்துகொள்கின்றனர். ஒரு பெயரைச் சொல்வதற்குப் பதிலாக, மூன்று நான்கு ஒப்பனையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளொன்றை வீட்டுக்காரர் கையிற் கொடுத்து, “விருப்பமானால் நீங்களே விசாரித்துப் பாருங்கள், விலையையும் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு, வீட்டின் அளவை எடுக்கத் தொடங்குகின்றனர்.